சத்தமில்லாத தீக்குச்சி

சாந்த்ராகாச்சி யார்டில் முப்பது வருஷமாக ரயில் பெட்டி கோக்கும் வைத்தியலிங்கம், தன் காது மந்தமானதற்கு எஞ்சின்களைத்தான் திட்டுவார். எழுபத்தெட்டாம் வருஷம் காளிகாட் டாக்டர் ஒருவர், சிகரெட்டும் சேர்ந்துதான் காதைக் கெடுத்திருக்கிறது என்று போட்டு உடைத்துவிட்டார். கூடவே வந்த மனைவி பூங்கோதையும் அதே யார்டை ஒட்டிய குவார்ட்டர்ஸில்தான் அத்தனை வருஷமும் இருக்கிறாள். அவளுக்கோ பாம்புக் காது. இனி சிகரெட்டைத் தொடுவதில்லை என்று காளி சந்நிதியிலேயே அவளுக்குச் சத்தியம் செய்தார்.

மறுநாள் காலை குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மனுஷன் தீக்குச்சி கிழித்தார். சத்தமே கேட்கவில்லை. தனக்கே கேட்காதது அடுப்படியில் இருப்பவளுக்கா கேட்கப்போகிறது என்று நிம்மதியாக இழுத்து முடித்தார்.

வெளியே வந்ததும் பூங்கோதை, குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்கக் கேட்கும்படி அவர் காதில் கத்தினாள்: "தீப்பெட்டி நமுத்துப்போச்சாங்க? மூணாவது குச்சிதான் பத்துச்சு போல!"