ஏலத்துக்கு வந்த எங்கள் தக்காளி

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் குடிக்கத் தண்ணீர் கேட்கக்கூட எனக்கு வாய் வராது. அப்படிப்பட்டவள் பேனாவை எடுத்ததே அதிகம் என்று எனக்குத் தெரியும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பிழை இருந்தால் அதற்கும் சேர்த்து இப்போதே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். ஆனால் நான் செய்த காரியத்துக்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. திரும்ப அந்த நாள் வந்தாலும் அதையேதான் செய்வேன்.

சென்னைக்குத் தெற்கே, மாடம்பாக்கம் தாண்டிக் கொஞ்ச தூரம் உள்ளே போனால் எங்கள் பசுமைக்குடில் இருக்கிறது. ரோட்டில் போகிறவர்கள் யாரோ கல்யாண மண்டபம் கட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். வளைந்த இரும்புக் குழாய்கள், மேலே வெள்ளை பாலிதீன், பக்கங்களில் பூச்சி நுழையாத வலை. வாசலில் இரண்டு கதவு. ஒன்றைச் சாத்திய பிறகுதான் அடுத்ததைத் திறக்க வேண்டும். சுற்றிலும் அடுக்குமாடிகள் வந்துவிட்டன. அங்கே துணி காயப்போட வருகிறவர்களுக்கு எங்கள் கூரைதான் வேடிக்கை.

உள்ளே தக்காளி மட்டும்தான். செடிகள் மண்ணில் நிற்கவில்லை. தேங்காய் நார்த்தூள் நிரப்பிய பைகளில் நிற்கின்றன. ஒவ்வொரு பைக்கும் ஒரு மெல்லிய குழாய். அதில் உரம் கலந்த தண்ணீர் சொட்டும். எப்போது, எவ்வளவு என்று சுவரில் மாட்டிய ஒரு பெட்டி முடிவு செய்கிறது. சூடு ஏறினால் பெரிய மின்விசிறிகள் தானாகவே சுற்றத் தொடங்கும். ஏதாவது சரியில்லை என்றால் என் போன் கத்தும். பொத்தேரி காலேஜில் படிக்கும் எங்கள் மகளும், கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்த என் கணவரும் சேர்ந்து இதையெல்லாம் அமைத்தார்கள். போனைப் பார்த்தாலே பயந்த நான் மெதுவாகக் கற்றுக்கொண்டேன்.

எனக்கென்று ஒரு வேலை உண்டு. காற்றும் வண்டும் உள்ளே வராததால் பூவை நாம்தான் அசைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் காய் பிடிக்காது. காலை ஈரம் காய்ந்ததும் வரிசை வரிசையாகப் போவேன். பேட்டரியில் ஓடும் பல் பிரஷ்ஷை ஒவ்வொரு பூங்கொத்தின் காம்பிலும் வைத்து எடுப்பேன். காம்பு அதிரும், பூவிலிருந்து மஞ்சள் தூள் உதிரும். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சுக்குப் போய்விட்டால் மகள் செய்வாள். இது சொந்தக்காரர்கள், சர்ச்சுக்காரர்கள் வரை போய், "செடிக்கெல்லாம் பல்லு விளக்கி விடுறாங்களாமே!" என்று ஒரு பேச்சாகிவிட்டது. கேட்டுச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். வேறென்ன செய்ய?

குடில் நிற்கும் நிலம் என் கணவர் பேரிலும் அவருடைய அண்ணன் பேரிலும் இருக்கிறது. அண்ணன் ரிட்டயர்டு தலைமையாசிரியர். சிட்லபாக்கத்தில் வீடு. சர்ச் கமிட்டியில் இருக்கிறார். அவரை நான் அத்தான் என்று கூப்பிடுவேன், அதுவும் பாதி வாய்க்குள்ளேயே நின்றுவிடும். கெட்ட மனிதர் இல்லை. என் பிரசவத்தின்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர்தான் உட்கார்ந்திருந்தார். ஆனால் முதல் தக்காளி பழுத்த வாரத்தில் ஒரு பில்டரிடம் பேசி முடித்துவிட்டு வந்து நின்றார். அண்ணன் தம்பி இருவரும் கையெழுத்துப் போட்டால் குடிலைப் பிரித்துவிட்டு ஃப்ளாட் எழுப்புவார்கள்.

செடிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு அத்தான் தம்பியிடம் சொன்னார்: "ஏம்ப்பா, மண்ணுலயே வளராத செடிக்கு எதுக்குப்பா மண்ணு? பையைத் தூக்கி மொட்டை மாடியில வெச்சுக்கோ. பில்டர்கிட்ட சொல்லி மாடிய உனக்கே எழுதித் தரச் சொல்றேன்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். என் கணவரும் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை பண்டிகை முடிஞ்சதும் ரெண்டு பேரும் வீட்டுக்குச் சாப்பிட வாங்க. அங்கயே கையெழுத்தப் போட்டுடலாம்" என்றார் அத்தான்.

"சரிண்ணே, பாக்கலாம்" என்றார் இவர். அண்ணனிடம் இவர் சொல்லும் 'பாக்கலாம்' எல்லாம் கடைசியில் 'சரி'யாகத்தான் முடியும். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன்.

அவர் சொன்ன பண்டிகை எங்கள் சர்ச்சின் அறுப்பின் பண்டிகை. விளைச்சலில் முதல் பலனைக் கொண்டுவந்து பலிபீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் காம்பவுண்டில் பந்தல் போட்டு எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். எங்கள் சபையில் இருப்பவர்கள் டீச்சர்கள், ஆபீஸ் போகிறவர்கள். யாருக்கும் வயல் கிடையாது. அதனால் சனிக்கிழமை சாயந்திரம் தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கி வந்துவிடுவார்கள். ஊட்டி கேரட், ஸ்டிக்கர் ஒட்டிய ஆப்பிள், முழுத் தார் வாழை. அதில் தப்பே இல்லை. நிலம் இல்லாதவர்கள் வேறு எங்கே போவார்கள்?

அந்த ஞாயிறு நான் எங்கள் தக்காளியைக் கொண்டுபோனேன். முதல் பறிப்பு. ஒவ்வொன்றையும் துடைத்து, காம்பு மேலே தெரிய எவர்சில்வர் தாம்பாளத்தில் அடுக்கியிருந்தேன். பலிபீடத்துக்கு முன்னால் அத்தான்தான் பொருள்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். என் கையிலிருந்து தாம்பாளத்தை வாங்கி, பூசணிக்காய்களுக்குப் பின்னால் வைத்தார்.

"மண்ணுல வெளஞ்சது முன்னாடி இருக்கட்டும்மா" என்றார்.

அந்தப் பூசணிக்காய்களில் மார்க்கெட் கடைக்காரர் சாக்பீஸால் எழுதிய எடை அழியாமல் இருந்தது. அதைப் பார்த்தேன். பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டேன். பிரசங்கம் ஒரு வரிகூட மனதில் ஏறவில்லை.

ஏலம் விட்டவர் பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மைக் கையில் வந்தால் ஆளே மாறிவிடுவார். "இந்த வாழைத்தார் சாப்பிட்டா சுகர் ஏறாதுன்னு நான் கேரண்டி தரமாட்டேன், ஆனா ஆசீர்வாதம் ஏறும்!" என்பார். கூட்டம் சிரிக்கும், ஏலமும் ஏறும். சாக்பீஸ் பூசணிக்குப் போட்டி போட்டுக்கொண்டு கேட்டார்கள். கேரட் கூடைக்கு இரண்டு பேர் சண்டைக்கே நின்றார்கள். நடுவில் என் போன் கத்தியது. உள்ளே சூடு ஏறுகிறது, விசிறி ஓடத் தொடங்கிவிட்டது என்று செய்தி. முன் வரிசையிலிருந்து அத்தான் திரும்பிப் பார்த்தார்.

"கோயிலுக்கு வந்தாலும் தக்காளி விடமாட்டேங்குது பாரு" என்றார். அவசரமாகப் போனை அமர்த்தினேன்.

கடைசியில் என் தாம்பாளம் மேலே வந்தது.

"அடுத்து நம்ம சபையிலேயே மாடர்னான அயிட்டம். பல்லு விளக்கின தக்காளி!" என்றார் மைக்காரர். பந்தலே சிரித்தது. "யாரு கேக்குறீங்க? ஆரம்பிங்க."

யாரும் கேட்கவில்லை.

"கூச்சப்படாதீங்க. கடிச்சா திருப்பிக் கடிக்காது, பல்லுதான் விளக்கியாச்சே!" மறுபடியும் சிரிப்பு. "யாருமில்லையா? அப்போ சமையல் ரூமுக்கு அனுப்பிடலாமா?"

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படியே சிட்லபாக்கம் போவார், சாப்பிடுவார், பேனாவை நீட்டினால் போட்டுவிடுவார் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. என் கை தானாக மேலே போனது என்று எழுத ஆசைதான். ஆனால் தானாகப் போகவில்லை. நான்தான் தூக்கினேன்.

"நான் கேக்குறேன் சார்."

மைக்காரர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "அம்மா, இது நீங்க குடுத்ததாச்சே?"

"ஆமா சார்."

"குடுத்தவங்களே ஏலம் கேக்குற வழக்கம் இல்லையேம்மா."

"கூடாதுன்னு ஏதாவது சட்டம் இருக்குதா சார்?"

"சட்டம் இல்ல..." மைக்கை விலக்கிப் பிடித்தபடி அத்தானைப் பார்த்தார்.

"அந்தக் கேரட் கூடை எவ்ளோவுக்குப் போச்சோ, அதுக்கு மேல போட்டுக்குங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். இந்தத் தடவை அவர் ஜோக் அடிக்கவில்லை.

தாம்பாளத்தை வாங்கினேன். வீட்டுக்கு எடுத்துப்போகும் எண்ணம் எனக்கு இல்லை. பந்தல் நடுவிலேயே ஒன்றை எடுத்துக் கடித்தேன். சாறு முழங்கை வரைக்கும் வழிந்தது. பண்டிகைக்குக் கட்டிய பட்டுப்புடவை, அதிலும் பட்டது. துடைக்கவில்லை.

அத்தான் எழுந்து வந்தார். "என்னம்மா இது, சின்னப் புள்ள மாதிரி? எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும் அத்தான்."

முதல் தடவையாக அந்த வார்த்தை முழுசாக வெளியே வந்தது. வந்த வேகத்தில் மற்றதும் வந்துவிட்டது: "நீங்க சொன்னது சரிதான். செடிக்கு மண்ணு வேணாம். ஆனா குடில் நிக்க இடம் வேணும். அந்த இடத்த நாங்க தர்றதா இல்ல. மாடியில கொண்டுபோய் வெச்சா முதல் புயலுக்கே பறந்துடும்."

"நீ சொன்னா ஆச்சா? அவன் சொல்லட்டும்" என்றார் அத்தான்.

என் கணவர் வந்தார். தாம்பாளத்தில் நல்ல பெரிதாகப் பார்த்து ஒன்றை எடுத்தார். அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டே கடித்தார்.

"நல்லாத்தான்ணே இருக்குது" என்றார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, "சாப்பாட்டுக்கு வர்றோம். கையெழுத்துக்கு வரல" என்றார்.

அத்தான் ஒரு தக்காளியைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "புளிப்பு இருக்காதே இதுல" என்றார். உண்மைதான், நாட்டுத் தக்காளி அளவுக்குப் புளிப்பு கிடையாது. ரசத்துக்கு ஒன்று கூடப் போட வேண்டும். அதற்காக நான் ஏன் வெட்கப்பட வேண்டும்?

மிச்சத்தைப் பந்தலில் இருந்தவர்களுக்கு நீட்டினேன். சிலர் எடுத்துக்கொண்டார்கள், சிலர் வேண்டாம் என்றார்கள். மைக்காரர் இரண்டு எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சிட்லபாக்கம் போனோம். மட்டன் நன்றாக இருந்தது. பில்டரின் காகிதம் டி.வி. மேல் கையெழுத்து இல்லாமலே கிடந்தது.

மறுநாள் திங்கட்கிழமை. பில்டரின் ஆள் போன் செய்தார். தர முடியாது என்று என் கணவர் சொல்லிவிட்டார். ஈரம் காய்ந்ததும் நான் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். பேட்டரி தீர்ந்திருந்தது. வேறு போட்டுக்கொண்டு முதல் வரிசையிலிருந்து தொடங்கினேன்.