சோடாக் கடைக்கு வந்த பந்து

அரியலூர் ரயிலடியில் சோடாக் கடை வைத்திருந்த சிங்காரவேலு பிறந்ததிலிருந்து ஒரு பந்தையும் உதைத்தவரில்லை. ஆனால் ஊர் டீமுக்கு எந்த மகராசன் முதலாளியாக வந்தாலும் அவரைக் கிழிகிழியென்று கிழிக்காமல் விட்டதில்லை.

சாயங்காலமானால் கடை பெஞ்சில் பந்தாட்டப் பைத்தியங்கள் கூடிவிடும். சிங்காரவேலு கோலி சோடாவை உடைத்துக்கொண்டே ஆரம்பிப்பார்.

"அந்த மிராசுதாரு இருந்தாரே, நம்ம பக்கம் கோல் விழுந்தா பந்தைக் கக்கத்துல இடுக்கிட்டு வில்வண்டியில ஏறிடுவாரு. அதோட ஆட்டம் முடிஞ்சுது."

அடுத்து வந்த கடலை மில்லுக்காரர் தன் மச்சினனைக் கோல் காக்க நிறுத்தினார். அந்தப் புண்ணியவான் பந்து வந்தால் மரியாதையாக ஒதுங்கி வழிவிடுவான். மூன்றாவது ஆள் ஜவுளிக்கடைக்காரர். விலைபோகாத துணியில் சட்டை தைத்துக் கொடுத்தார். ஒரு மழைதான் பெய்தது, பதினோரு பேரும் உடம்பெல்லாம் ஊதாவாக வீட்டுக்குப் போனார்கள். இந்தக் கட்டம் வரும்போதெல்லாம் பஸ் கண்டக்டர் குழந்தைவேலுக்குச் சோடா மூக்கில் ஏறிவிடும்.

நாற்பத்தைந்தாம் வருஷக் கடைசியில் ஜவுளிக்கடைக்காரர் திருச்சிக்குக் குடிபோனார். போகிற போக்கில் பந்தைச் சோடாக் கடையில் கொடுத்துவிட்டுப் போனார். பந்து யாரிடமோ அவர்தான் முதலாளி என்பது ஊர் வழக்கம்.

"அப்ப இனிமே நீங்கதாண்ணே," என்றான் குழந்தைவேல்.

சிங்காரவேலு எவ்வளவோ மறுத்துப் பார்த்தார், நடக்கவில்லை. மனைவி ரத்தினம்மாள், "வாயை வச்சுகிட்டு சும்மா இருந்தாத்தானே," என்று சொல்லிவிட்டுப் பந்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவைத்தாள்.

பொங்கலுக்குப் பெரம்பலூர் டீம் வருவதாக இருந்தது. மிராசுதார் காலத்தில் இரண்டு தடவை ஆட்டம் பாதியில் நின்ற கோபம் அவர்களுக்கு ஆறவேயில்லை. இன்னொரு தடவை நின்றால் அரியலூர்ப் பக்கமே தலைவைக்க மாட்டோம் என்று சொல்லியனுப்பினார்கள். பெரம்பலூர் வராவிட்டால் பொங்கலுக்கு ஆட்டமேது? "என் கையில பந்து இருக்கிறவரை ஆட்டம் நிக்காது," என்று சிங்காரவேலு பெஞ்சுக்கே வாக்குக் கொடுத்தார்.

ஆட்டத்தன்று ஒன்றுக்கொன்று என்று சமமாகப் போய்க்கொண்டிருந்தது. முடியக் கொஞ்ச நேரம் இருக்கையில் பெரம்பலூர்க்காரன் ஒருவன் பந்தைக் கையால் தட்டி உள்ளே தள்ளினான். ரெபரி கோல் என்று ஊதினார். பந்து வலையில்லாத கம்பத்தைத் தாண்டி உருண்டு சிங்காரவேலுவின் காலடியில் வந்து நின்றது. அநியாயம், பட்டப்பகல் அநியாயம். குனிந்து எடுத்தவர் விறுவிறுவென்று ரயிலடிப் பக்கம் நடந்தார்.

பின்னாலிருந்து குழந்தைவேல் ரொம்பப் பணிவாகக் கேட்டான்:

"ஐயா, வில்வண்டியைப் பூட்டச் சொல்லட்டுங்களா?"

சிங்காரவேலு நின்றார். குனிந்து பார்த்தார். பந்து கக்கத்தில் இருந்தது. சட்டையெல்லாம் தேங்காய் எண்ணெய்.

ஊரே விழுந்து விழுந்து சிரிக்க, அவரே போய் நடு மைதானத்தில் பந்தை வைத்துவிட்டு வந்தார். அரியலூர் தோற்றது. பெரம்பலூர்க்காரர்கள், அடுத்த பொங்கலுக்கும் வருகிறோம் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்கள்.

மறுநாள் சாயங்காலம் பெஞ்சு நிறைந்திருந்தது. சிங்காரவேலு சோடாவை உடைத்துக்கொண்டே ஆரம்பித்தார்:

"நாலாவதா ஒரு சோடாக் கடைக்காரன் வந்தான் பாருங்க..."