இடம் மாறிய துண்டு

அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட்டும் நட்டும் பெட்டி கட்டுவதுதான் வெற்றிச்செல்வனுக்குப் பதினோரு வருஷ வேலை. அவன் கட்டிய பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. ஆனால் அவன் மனைவி விஜிக்கு மூன்று முறை கரு கலைந்துவிட்டது. மூன்று முறையும் அவன் அம்மா ராஜம்மா தெருவில் நின்று, “ராசி கெட்டவ” என்று மருமகளைக் கரித்துக்கொட்டினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டான்.

இன்று டாக்டர் அவனுடைய ரத்தப் பரிசோதனை முடிவை விளக்கினார். உடம்பு எப்படி உருவாக வேண்டும் என்ற குறிப்புகள் ஜோடி ஜோடியாக இருக்கும் குரோமோசோம்களில்தான் இருக்கின்றன. அவனுக்கு இரண்டு குரோமோசோம்களின் துண்டுகள் ஒன்றுக்கொன்று இடம் மாறியிருந்தன. எதுவும் குறையாததால் அவனுக்குக் கெடுதலில்லை.

“அப்போ கொழந்தைக்கு இன்னா சார்?”

“ஒவ்வொரு ஜோடியிலயும் ஒண்ணுதானே உங்ககிட்டேர்ந்து குழந்தைக்குப் போகும்.”

அவனுக்குச் சுரீரென்றது. போல்ட்டும் நட்டும் கொஞ்சம் இடம் மாறிய இரண்டு பெட்டிகளும் ஒரே இடத்துக்குப் போனால் யாருக்கும் தெரியாது. ஒன்று மட்டும் வேறொரு நல்ல பெட்டியோடு போனால், ஒரு சாமான் கூடும், இன்னொன்று குறையும்; அப்படித்தான் கரு கலைந்திருக்கிறது.

“பிரிச்சி மறுபடி கட்ட முடியாதா சார்?” என்று மேஜையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான்.

“முடியாதுப்பா. சில சமயம் சரியானது போகலாம். அது நம்ம கையில இல்ல.”

மேனாம்பேட்டு வீட்டு வாசலிலேயே ராஜம்மா மறித்து, உள்ளே நின்ற விஜியைக் காட்டினாள். “இன்னாடா, இவளுக்கு இன்னா கோளாறாம்?”

“கோளாறு எனக்குத்தாம்மா! மூணும் என்னாலதான் போச்சு!” என்று உடைந்து கத்தினான்.

ராஜம்மா அவனை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். “மெல்லப் பேசுடா, பக்கத்து ஊட்ல கேக்கப் போவுது.”

விஜி போய்க் கதவை அகலத் திறந்து வைத்தாள்.