ஹீற்றருக்குள் இருந்த துரு

ஊரிலிருந்த அப்பாவுக்குக் கனடா விசா கிடைத்த கிழமை, மாமா எங்கள் வான் வண்டிக்கு ஒரு எஞ்சின் வாங்கி வந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மாவும் நானும் மாமாவும் வோபர்னில் ஒரு வீட்டின் நிலத்தடிப் பேஸ்மென்றில் குடியிருந்தோம். வானின் பழைய எஞ்சின் கோடையிலேயே இறுகிப்போயிருந்தது. வந்ததும் புதியதல்ல. பிக்கரிங் பக்கத்தில் பழைய வாகனங்களைக் கழற்றி விற்கும் ஜங்யாட்டில், விபத்தில் நசுங்கிய வானொன்றிலிருந்து கழற்றியது.

மாமா அம்மாவின் தம்பி. யாழ்ப்பாணத்தில் வான் ஓட்டியவர், இங்கே ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவினார். தன் லீவு நாட்களில் எஞ்சினைப் பொருத்தி முடித்தார். அது இருமிக்கொண்டு ஓடத் தொடங்கியதும், வேலை முடிந்ததென்று கை துடைத்தார். அம்மா உள்ளே ஏறி ஹீற்றரைப் போட்டுப் பார்த்தார். குளிர்ந்த காற்றுத்தான் வந்தது.

வானின் ஹீற்றருக்கென்று தனியாக நெருப்பு இல்லை. எஞ்சினைச் சுற்றி ஓடிச் சூடாகும் தண்ணீர்தான், ஸ்ரியரிங்குக்கு முன்னால் மறைந்திருக்கும் மெல்லிய குழாய்களுக்குள் போய் எங்களையும் சூடாக்கும். ஜங்யாட்டில் கிடந்த காலத்தில் எஞ்சினுக்குள் துரு பிடித்திருந்தது. எஞ்சின் ஓடியபோது அந்தத் துரு ஹீற்றருக்குள் போய் அடைத்துக்கொண்டது. ஹீற்றருக்குப் போகும் இரண்டு றப்பர் ஹோஸையும் ஒன்றோடொன்று பொருத்தி, ஹீற்றரையே ஒதுக்கிவிடலாம் என்பது மாமாவின் யோசனை.

"யாழ்ப்பாணத்தில நான் ஓடின வானில ஹீற்றர் இருந்ததே அக்கா?"

"அங்க உன்ர தலையில தொப்பியும் இல்லைத்தான். கழட்டன் பாப்பம்."

அம்மாவும் நானும் வந்திறங்கியது ஒரு மாசி மாதத்தில். யாரோ தெரிந்தவரின் சூடு வராத காரில், கால்விரல்கள் மரத்துப்போய், வீடு வரும்வரை நான் அழுதேனாம். அப்பா வரப்போவது தை மாதத்தில். அதற்குள் ஹீற்றர் வேலை செய்தாக வேண்டும் என்பதில் அம்மா அசையவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து ஹோஸை எஞ்சினுக்குள்ளும் றேடியேற்றருக்குள்ளும் விட்டுக் கழுவினார்கள். பிறகு ஹீற்றருக்குள் வினிகர் ஊற்றி ஊறவைத்து, தண்ணீர் வழக்கமாகப் போகும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக அடித்தார்கள். வெளியே வந்ததை வெறும் ஐஸ்கிறீம் டப்பாக்களில் பிடித்து, நிறவாரியாக அடுக்குவது என் பொறுப்பு. முதல் டப்பாவில் செங்கல் நிறத்தில் சேறு வந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளிறியது.

"உது காணும் அக்கா. தேத்தண்ணி நிறத்துக்கு வந்திட்டுது."

"தேத்தண்ணி எண்டால் நீ குடி. எனக்குத் தண்ணி நிறத்தில வரோணும்."

வந்தது. ஆனால் அதற்கு இன்னுமொரு ஞாயிற்றுக்கிழமை ஆனது. அம்மாவின் கைகள் குளிரில் நீலம் பாரித்திருந்தன. கடைசி டப்பாவின் அடியில் ஒரு துகள்கூட இல்லை என்று நான் சொன்ன பிறகுதான் ஹோஸை மூடவிட்டார். இனித் துரு பிடிக்காமலும், பனியில் உறைந்து எஞ்சின் வெடிக்காமலும் இருக்க, பச்சைக் கூலன்ரும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரில் உப்புப் படியுமென்று அம்மா கடையில் காய்ச்சி வடித்த போத்தல் தண்ணீர் வாங்கி வந்தார்.

"எஞ்சினுக்குப் போத்தில் தண்ணி, எங்களுக்குப் பைப் தண்ணி," என்றார் மாமா.

எஞ்சின் சூடேறியதும் அம்மா ஹீற்றர் வாயில் கையை வைத்தார். பிறகு என் கையைப் பிடித்து அங்கே வைத்தார். சுடச்சுடக் காற்று வந்தது.

அப்பா வந்த அன்று பனி கொட்டியது. மாமா எஞ்சினை நிறுத்தாமல் விமான நிலைய வாசலோடு ஒட்டி வானை வைத்திருந்தார். கொழும்பில் வாங்கிய மெல்லிய கோட்டோடு வந்த அப்பாவை அம்மா ஓட்டமும் நடையுமாகக் கொண்டுவந்து முன் சீற்றில் ஏற்றினார். வான் நெடுஞ்சாலையில் ஏறும்போது அப்பா கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"இதுக்கே இவ்வளவு பயமுறுத்தினவை? கனடாக் குளிர் எண்டது சும்மா கதை."

நான் டப்பாக்களைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன். பக்கத்திலிருந்த அம்மா என் முழங்காலை அழுத்திப் பிடித்தார்.

"ஓம், இங்கத்தைய ஆக்கள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுறவை," என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. ஒரு துகள் துருவைக்கூட விட்டுவைக்காத அம்மா, இவ்வளவு பெரிய பிழையை ஏன் திருத்தாமல் விட்டார் என்று வீடு வரும்வரை யோசித்தேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்.