மார்கழியில் அண்ணன் கேட்ட கேள்விகள்

வருகிற தை மாதத்தோடு அண்ணன் மறைந்து ஒரு வருஷம் ஆகிறது. நினைவு மலரில் அவரைப் பற்றி யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது, கடைசிவரை கூட இருந்தவன் என்று என்னைச் சொன்னார்கள். நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். நாலு பேர் முன்னால் பேச வராது. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதால் ஒப்புக்கொண்டேன்.

அண்ணன் பிறந்தது மானகிரியில். அப்பா குத்தகை நிலத்தில் விவசாயம் பார்த்தார். அண்ணன் எட்டாவதும் நான் ஐந்தாவதும் படித்த வருஷம் அப்பா இறந்தார். இரண்டு பேரையும் படிக்கவைக்க அம்மாவால் முடியவில்லை. யாரை நிறுத்துவது என்று அம்மா அழுதபோது, தாய்மாமா எங்களை நிற்கவைத்து ஒரு கேள்வி கேட்டார். உலகத்திலேயே பெரிய பறவை எது? நான் முந்திக்கொண்டு கழுகு என்றேன். அண்ணன் நெருப்புக்கோழி என்றார். மறுநாளே தாய்மாமா என்னைக் காரைக்குடியில் ஒரு மாவு மில்லில் சேர்த்துவிட்டார். இன்றும் அங்கேதான் வேலை பார்க்கிறேன்.

அண்ணன் படித்து பஸ் கண்டக்டர் ஆனார். நானும் அவர் வீட்டிலேயே இருந்தேன். யாரிடமும் கைநீட்டியதில்லை, பொய் சொன்னதில்லை. பயணிகள் சீட்டில் விட்டுப்போகும் வார இதழ்களையும் பொது அறிவுப் புத்தகங்களையும் உரியவர் தேடி வருகிறாரா என்று சில நாள் டிப்போவில் வைத்திருப்பார். யாரும் வராவிட்டால்தான் வீட்டுக்குக் கொண்டுவருவார். அப்படிச் சேர்ந்தவை ஒரு பீரோ நிறைய இருந்தன.

மார்கழி பிறந்துவிட்டால் அண்ணனுக்குக் கொண்டாட்டம். வேலை முடிந்து வந்ததும் குரங்குக் குல்லாவை மாட்டி, கம்பளியைப் போர்த்திக்கொண்டு புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவார். மதினி சுக்குக் காப்பியும் வறுத்த வேர்க்கடலையும் கொண்டுவந்து வைப்பார். அந்தக் கடலையில்தான் வினை இருந்தது. கேள்விக்குச் சரியாகச் சொன்னவருக்கு ஒரு கை கடலை. சொல்லாதவருக்கு இல்லை. பக்கத்தில் இருப்பவர் விடையை எடுத்துக்கொடுக்கவும் கூடாது. 'தப்பு' என்ற சொல்லை அண்ணன் மிட்டாய் சப்புவது போல இழுத்துச் சொல்வார். காய்ச்சலில் கிடந்த மகளையும் விடவில்லை. செவ்வாய்க்கு எத்தனை நிலா என்று கேட்டார். பிள்ளை அழுதுகொண்டே ஒன்று என்றது. தப்பு.

என் முறை வந்தால், "அடுத்து நம்ம மாவு மண்டை" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குத் தெரிந்த விடையைக்கூட அந்த நேரம் மாற்றி உளறிவிடுவேன். ஒரு தடவையாவது அண்ணன் வாயால் 'சரி' என்று கேட்டுவிட வேண்டும் என்பது என் ஆசை.

எனக்குப் பெண் பார்க்க நெற்குப்பைக்குப் போனோம். அங்கேயும் அண்ணன் பெண்ணிடம் கேட்டார்: "மூணு இதயம் உள்ள பிராணி எதும்மா?"

அந்தப் பெண் தலை நிமிராமல், "எனக்கு ஒண்ணுதான் இருக்கு. அதுவும் நீங்க கேக்குறதுல படபடங்குது" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போனது.

"தப்பு. ஆக்டோபஸ்" என்றார் அண்ணன். அதோடு நிற்காமல் அடுத்த கேள்வியும் கேட்டார்.

பெண்ணின் அப்பா எழுந்துவிட்டார். "பொண்ணு பாக்க வந்தீகளா, பரீச்சை வைக்க வந்தீகளா?" என்று கேட்டுவிட்டு, பலகாரத் தட்டை உள்ளே எடுத்துப்போகச் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணன், ஆக்டோபஸுக்கு ரத்தம் நீல நிறம் என்று எனக்கு விளக்கிக்கொண்டே வந்தார். விஷயம் ஊரெல்லாம் பரவியது. அதன்பிறகு எனக்குப் பெண் அமையவில்லை.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். மில் ஓடும்போது யாரோடும் பேச முடியாது. அந்த இரைச்சலில் நின்றுகொண்டு, முந்தின நாள் அண்ணன் சொன்னதை மனசுக்குள் அசைபோடுவேன். பனிக்கரடிக்கு முடிதான் வெள்ளை, தோல் கறுப்பு. இதைத் தெரிந்துகொண்டு எனக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை. ஆனால் அன்று முழுக்க மனசு நிறைந்திருக்கும். அண்ணன் வேலைக்குப் போயிருக்கும்போது பீரோவைத் திறந்து எழுத்துக்கூட்டி வாசிப்பேன். அப்படித்தான் எனக்கு வாசிப்பு வந்தது. அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் அதிலும் கேள்வி கேட்பார்.

ஓய்வுபெற்றுச் சில வருஷத்தில் அண்ணனுக்கு ஞாபகம் பிசக ஆரம்பித்தது. டாக்டர், இது என்ன மாதம், எந்த ஊர் என்று கேட்டார். என்னைப் பார்த்து, நீங்கள் எடுத்துக்கொடுக்கக் கூடாது என்றும் சொன்னார். அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கடைசியில், "இதெல்லாம் ஒரு கேள்வியா?" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். படி இறங்கும்போது என்னிடம் மெதுவாக, "இது என்ன மாசம்டா?" என்றார். கார்த்திகை என்றேன். "தப்பு" என்றார்.

போன மார்கழியில் குல்லாவை மாட்டிவிட்டு, கம்பளியைப் போர்த்தி, நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஒரே பக்கத்தை எத்தனை நாள் வாசித்தாலும் அவருக்குப் புதிதாக இருந்தது. "அப்படியா, தோல் கறுப்பா?" என்று கண் விரியக் கேட்பார். கடலையைப் பல்லில்லாத வாயில் ஒதுக்கிக்கொண்டு சிரிப்பார். என் ஆயுசில் அண்ணனோடு சந்தோஷமாக இருந்த மார்கழி அது ஒன்றுதான்.

ஒருநாள் அந்தப் பக்கம் வந்தது. உலகத்திலேயே பெரிய பறவை எது என்று வாசித்தேன். பெற்ற மகள் பெயர் மறந்த மனிதர், "நெருப்புக்கோழி" என்று உடனே சொன்னார்.

"சரிண்ணே" என்றேன்.

என்னை உற்றுப் பார்த்தார். "நல்லா வாசிக்கிறீக. நீங்க யாரு?"

"உங்க தம்பிண்ணே."

"தப்பு" என்றார், அதே இழுவையில். "என் தம்பிக்கு வாசிக்க வராது. அவன் கழுகுன்னு சொன்ன பய."

கடலையில் ஒரு கை அள்ளித் தன் மடியில் போட்டுக்கொண்டார். எனக்குத் தரவில்லை. தை பிறந்து சில நாளில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட மதினிக்கும், வெளியூரிலிருந்து வந்து வந்து போன மகளுக்கும், பொறுமையாகக் கவனித்த டாக்டருக்கும், அந்த மார்கழி முழுக்கச் சாயங்காலம் என்னைச் சீக்கிரம் அனுப்பிய மில் முதலாளிக்கும், தோள் கொடுத்த மானகிரி உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. இதை யார் உதவியும் இல்லாமல் நானே எழுதினேன். தப்பு இருந்தால் நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்வதற்கு இனி வீட்டில் ஆள் இல்லை.