என்னிடமே தங்கிப்போன பாலாடை

ஏறக்குறைய இருபது வருடங்களுக்கு முந்தைய ஒரு மார்கழி. விருதுநகர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்து, திருப்பூர் மண்ணரையில் லைன் வீட்டில் குடியிருந்தோம். நான் பனியன் கம்பெனியில் பேக்கிங் வேலை. பொங்கலுக்கு ஊருக்குப் போகும் கனவில் இருந்தபோது, இன்னும் நடக்கப் பழகாத என் மகனுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் பிடித்துக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் அந்த மாதம் கட்டிலுக்கு இரண்டு குழந்தைகள். எங்கள் கட்டிலில் இன்னொரு பெண்ணும் அவளுடைய பாப்பாவும். என்னைவிடச் சின்னவள், கொமரலிங்கம் என்ற ஊர்க்காரி. குழந்தைகள் இருவருக்கும் ஒரே பாடு.

பரிசோதனைக்கு மலம் வேண்டுமென்று நர்ஸ் டப்பாவோடு வந்து நின்றார். இருந்தால்தானே கொடுக்க! இங்கே எல்லா வீட்டிலும் குழந்தை இடுப்பில் கட்டுவது கம்பெனியில் வெட்டி மிஞ்சும் கட்டிங் வேஸ்ட் பனியன் துணிதான். போனதெல்லாம் தண்ணீர். அதை அந்தத் துணியே குடித்துவிட்டது. வியர்வையை நன்றாக உறிஞ்சும் என்று ஊர் உலகத்துக்கெல்லாம் நாங்கள் அனுப்புகிற துணியாயிற்றே!

அந்தப் பெண் என் பையிலிருந்த பேக்கிங் கவரைக் கிழித்துத் துணிக்குள் விரித்தாள். கொஞ்ச நேரத்தில் கவர் நிறையத் தேங்கிவிட்டது. இத்தனை தண்ணீரா என் பிள்ளை உடம்பிலிருந்து போகிறது? துணி நனைந்திருக்கிறது என்று மாற்றிப் போட்டுக்கொண்டே இருந்தேனே!

அதை டப்பாவில் பிடித்துக் கொடுத்த பிறகு டாக்டர் வந்து, "ரோட்டா வைரஸ்மா. குளிர் காலத்துல சின்னக் குழந்தைகளுக்கு நிறைய வரும். இதைக் கொல்ல மருந்து கிடையாது. போற தண்ணிய உள்ள குடுத்துக்கிட்டே இருக்கணும்" என்றார்.

உப்புச் சர்க்கரைக் கரைசலை ஸ்பூனில் கொடுத்தால் என் மகன் துப்பினான். அவள் தன் பாப்பாவுக்குப் பால் புகட்டும் வெள்ளிப் பாலாடையால் ஊற்றினாள். குடித்தான்! அழுகையே வந்துவிட்டது எனக்கு. "அக்கா, நீங்க சித்த கண்ண மூடுங்க. ரெண்டு பேருத்துக்கும் நானே ஊத்தறனுங்க" என்றாள். கூடப்பிறந்தவள்கூட அப்படிச் செய்வாளா, தெரியாது. பாப்பாவுக்கு ஒரு வாய், இவனுக்கு ஒரு வாய்.

மறுநாள் மதியம் பாப்பா துவண்டுவிட்டாள். உடனே கோயம்புத்தூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அவள் பிள்ளையைத் தோளில் அள்ளிப்போட்டுக்கொண்டு ஆம்புலன்ஸுக்கு ஓடினாள். பாலாடை என் கையில் இருந்தது. அப்போது என் மகனின் முறை. நான் வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

என் மகன் பிழைத்துக்கொண்டான். அவள் பெயரை நான் கேட்கவே இல்லை. அவளுக்கு நான் அக்கா, எனக்கு அவள் பாப்பாவின் அம்மா, அவ்வளவுதான். ஒருமுறை மனசு கேட்காமல் கொமரலிங்கத்துக்கே பஸ் ஏறினேன். யாரென்று சொல்லி விசாரிப்பது? ஊரை ஒட்டிய ஆற்றோரம் சற்று நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

இப்போதெல்லாம் இந்த நோய் வராமலிருக்கக் கைக்குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கிறார்கள். கேள்விப்படும்போதெல்லாம் அவள் முகம்தான் வருகிறது. பாலாடையைக் கறுக்க விடாமல் தேய்த்து வைத்திருக்கிறேன். என்றைக்காவது பஸ்ஸிலோ சந்தையிலோ அவள் எதிரே வர வேண்டும். நான் அதை நீட்ட வேண்டும். "இனி அது எதுக்குங்க அக்கா, பாப்பா காலேஜ் போறா" என்று அவள் சிரிக்க வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இன்னும் காத்திருக்கிறேன்.