கோட்டுக்கு வைத்த கைநாட்டு

செம்பவாங் கப்பல் பட்டறையில் மருதப்பனுக்குப் பெயர்ப்பலகை எழுதும் வேலை. 1958இல் ஒரு வெள்ளைக்கார அதிகாரி போர்க்காலத்தைப் பற்றிப் பேச வருகிறார் என்று, வடகடலின் படம் ஒன்றைப் பெரிதாக வரைந்து தரச் சொன்னார்கள். வரைந்து சுவரில் மாட்டிவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்தார்.

அதிகாரி, ஜெர்மானியரிடமிருந்து கைப்பற்றிய திட்டத்தாள் ஒன்றை வாசித்துக் காட்டினார். குளிர்காலத்தில் வடதுருவத்துப் பனி தெற்கே இறங்கிவிடும். ரஷ்யாவுக்குச் சரக்கு கொண்டுபோகும் கப்பல்கள் நார்வே கரைப் பக்கமாகத்தான் போயாக வேண்டும். அங்கே காத்திருந்து அடி. படுபாவிகளுக்கு என்ன மூளை! அதிலேயே இன்னொரு வரி இருந்தது. சில கப்பல்களில் கரி தள்ளுகிறவர்கள் இந்தியர்கள், குளிருக்குப் பழகாதவர்கள், ஆகவே இயந்திர அறையை முதலில் தாக்கு.

“இந்த இடத்தில் மட்டும் ஜெர்மன்காரன் தப்பாக எழுதிவிட்டான்,” என்று அதிகாரி சிரித்தார். “இந்தியர்களை அவ்வளவு வடக்கே கொண்டுபோக ஒப்பந்தம் இடம் தராது. எல்லாரையும் ஸ்காட்லாந்திலேயே இறக்கிவிட்டார்கள்.”

இறக்கிவிட்டார்களாம்! மருதப்பனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அப்படி ஒரு கப்பலில் கரி தள்ளியவர் அவர். நாற்பத்திரண்டில் ஸ்காட்லாந்துத் துறைமுகம் ஒன்றில் ஆளுக்கொரு கம்பளிக் கோட்டு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு என்று சொல்லி, அப்போது எழுதப் படிக்கத் தெரியாத அவர்களிடம் ஒரு தாளில் கைநாட்டு வாங்கினார்கள். கூட்டாளி சேக் தாவூது தயங்கினார். “என்ன எழுதியிருக்குன்னு கேப்போம்டா.” மருதப்பனுக்கோ பல் கிட்டிக்கொண்டு நின்றது. “கோட்டுக்குத்தான்டா, வை,” என்றார். தாவூதும் வைத்தார். இருவரும் வேலை முடிந்து அங்கேயே கரை இறங்கியதாகச் சொன்னது அந்தத் தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. மறுநாள் அதே கப்பல் அவர்களையும் ஏற்றிக்கொண்டுதான் வடக்கே போனது. ஒன்பதாம் நாள் நீர்மூழ்கி அடித்துக் கொதிகலன் வெடித்தது. தாவூது மருதப்பன் கண்ணெதிரே வெந்து செத்தார்.

தாவூதின் மனைவி நூருன்னிசா டன்லப் ஸ்திரீட்டில் பலகாரம் சுட்டு விற்று மகள் கதீஜாவை வளர்த்தாள். உங்கள் கணவர் கரை இறங்கிவிட்டார், இருக்குமிடம் தெரியாது என்று போர் முடிந்ததும் கப்பல் கம்பெனி அவளுக்கு எழுதியது. உயிர் பிழைத்துத் திரும்பிய மருதப்பன் கண்ணால் கண்டதைச் சொன்னார், அவள் நம்பினாள்; ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? தாவூது அங்கே வெள்ளைக்காரி ஒருத்தியோடு குடித்தனம் நடத்துகிறார் என்றது. அந்தப் பேச்சாலேயே கதீஜாவுக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள் தட்டிப்போயின. மூன்றாவது வீட்டார் அந்த ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது.

கூட்டம் கலைந்ததும் மருதப்பன் அதிகாரியிடம் போனார். அப்படிப் போன கப்பல் ஒன்றில் நானும் தாவூதும் இருந்தோம், கோட்டுக்கென்று ஏமாற்றிக் கைநாட்டு வாங்கினார்கள், இந்தியர்கள் வடக்கே போனார்கள் என்று ஒரே ஒரு வரி எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார். எதிரியின் தாளை நம்பிச் சான்று தர முடியாது, உன் கைநாட்டு என்ன சொல்கிறதோ அதுதான் உண்மை என்று சொல்லித் தோளைத் தட்டிக்கொடுத்தார் அந்த மகானுபாவர். கொல்ல வந்தவன் தாளில் தாவூதுக்கு இடம் இருக்கிறது, வேலை வாங்கியவன் தாளில் இல்லை. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை நூருன்னிசா வீட்டில், பெண் பார்க்க வந்தவர்களிடம் மருதப்பன் நடந்ததைச் சொன்னார். மாப்பிள்ளையின் மாமா அப்துல் கையூம், சிராங்கூன் ரோட்டுத் துணிக்கடைக்காரர், தேத்தண்ணியை உறிஞ்சியபடி கப்பல் வெடித்த கதையை முழுவதும் கேட்டார்.

“எல்லாம் சரிதான். எழுத்துல ஏதாச்சும் இருக்கா?”

“இருக்கு, பொய்யா இருக்கு!” என்று மருதப்பன் கத்தினார். “அவன் கேட்டுட்டு வைக்கலாம்னுதான் சொன்னான். நான்தான் குளிர் தாங்காம அவனைக் கைநாட்டு வைக்க வச்சேன். அந்தப் பாவி நான்தான்!”

இத்தனை வருஷத்தில் இதை அவர் நூருன்னிசாவிடம் சொன்னதே இல்லை. அவள் அப்துல் கையூமின் முன்னால் இருந்த கோப்பையை எடுத்தாள்.

“மவுத்தானவரை மவுத்துன்னு நம்புறதுக்கு எழுத்து கேக்குற வீட்டுக்கு எம்பொண்ணு வராது. நீங்க போகலாம்.”

அப்துல் கையூம் எழுந்தார். தலையைக் குனிந்தபடி மருதப்பனும் எழுந்தார்.

“நீங்க உக்காருங்கண்ணே,” என்றாள் நூருன்னிசா.